அடகுக் கடைக்குப் போகும் முன் பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள்

காலேஜ் திறக்கும் நேரம் வந்தாலே இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே ரகம்தான்: பழைய லேப்டாப்பை வைத்து ஓட்டலாமா, புதுசு வாங்கியே ஆகணுமா? எல்லோருக்கும் ஒரே பதில் சொல்ல முடிந்தால் என் வேலை சுலபம். ஆனால் மிஷினும் படிப்பும் வீட்டு நிலவரமும் ஆளுக்கு ஆள் மாறுகிறதே. வந்த கடிதங்களில் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அண்ணன் 2018ல் வாங்கிய லேப்டாப்தான் கையில் இருக்கிறது. ஐ3 6006யு, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் செய்துவிட்டுக் குளிக்கப் போனால், திரும்பி வரும்போதுதான் ரெடியாக இருக்கிறது. அம்மாவின் செயினை அடகு வைத்துப் புதுசு வாங்கித் தருவதாக அப்பா சொல்கிறார். வாங்கிக்கொள்ளட்டுமா?
— வாசகர், தென்காசி

தம்பி, செயின் கழுத்திலேயே இருக்கட்டும். முதலில் ஒரு சின்ன சோதனை. லேப்டாப் திணறும்போது கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் சிபியு 20, 30 சதவீதத்தில் சும்மா உட்கார்ந்திருக்க, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் சிவந்துபோய் நிற்கிறதா? உங்கள் மிஷினில் அப்படித்தான் இருக்கும் என்று பார்க்காமலே பந்தயம் கட்டுவேன். அதாவது மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை, கால்தான் நடக்க மாட்டேன் என்கிறது.

ஹார்ட் டிஸ்க் என்பது உள்ளே சுழலும் தட்டு. லேப்டாப்களில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று. ஒவ்வொரு ஃபைலுக்கும் அந்தத் தட்டின் மேல் ஒரு ஊசி ஓடிப்போய் இடம் தேடி நின்று படிக்க வேண்டும். கடையில் கூட்டம் அலைமோதும்போது ஒரே ஒரு பையன் குடோனுக்கும் கல்லாவுக்கும் ஓடி ஓடி ஒவ்வொரு பொட்டலமாக எடுத்து வந்தால் எப்படி இருக்கும்? விண்டோஸ் 10 ஆன் ஆகும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன பொட்டலங்களை ஒரே நேரத்தில் கேட்கும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டும் எஸ்எஸ்டி வெறும் சிப்தான், அதில் சுழலும் தட்டும் இல்லை, ஓடும் ஊசியும் இல்லை. பத்து வருடமாக நான் பார்த்த பழைய லேப்டாப்களில், எஸ்எஸ்டி மாட்டிய பிறகு 'இது அதே லேப்டாப்தானா' என்று கேட்காமல் வாங்கிக்கொண்டு போனவர்கள் ரொம்பக் குறைவு.

உங்களுக்கு 256 ஜிபி போதும். ஒரு விஷயம் மட்டும் கவனம்: கடையில் இப்போது என்விஎம்இ எஸ்எஸ்டியை (போர்டில் நேராகச் செருகும் பட்டை மாதிரி ரகம்)த்தான் முன்னால் எடுத்து வைப்பார்கள். உங்கள் காலத்து மாடல்கள் பலவற்றில் அதற்கான இடமே கிடையாது. ஹார்ட் டிஸ்க் இருக்கும் அதே இடத்தில் உட்காரும் இரண்டரை இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டி என்று கேட்டு வாங்குங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போட வேண்டாம், ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டால் சினிமாவும் போட்டோவும் வைக்க ஆகும். நாளைக்கே லேப்டாப் மொத்தமாகப் படுத்துவிட்டால் எஸ்எஸ்டியையும் அதே மாதிரி எடுத்துக்கொள்ளலாம், அந்தக் காசு வீணாகாது.

அடுத்து ரேம். டாஸ்க் மேனேஜரிலேயே மெமரி என்ற பக்கத்தைத் திறந்தால் ஓரத்தில் 'ஸ்லாட்ஸ் யூஸ்ட்' என்று ஒரு வரி தெரியும். இரண்டில் ஒன்று என்று காட்டினால் ஒரு இடம் காலியாக இருக்கிறது, இன்னொரு 4 ஜிபி போட்டு 8 ஆக்கலாம். உங்கள் மாடலில் பெரும்பாலும் டிடிஆர்4 என்ற ரக ரேம்தான் இருக்கும், ஆனாலும் கழற்றி ஸ்டிக்கரைப் பார்த்த பிறகே வாங்குங்கள். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது, சிப் எல்லாம் ஏஐ டேட்டா சென்டர்களுக்குப் போகிறதாம், நாம் 4 ஜிபிக்கு அல்லாடுகிறோம். அதனால் புதுசுதான் வேண்டும் என்று நிற்காதீர்கள். சர்வீஸ் கடைகளில் மற்ற லேப்டாப்களிலிருந்து கழற்றிய 4 ஜிபி ரேம் இருக்கும், அங்கேயே மாட்டி ஓட்டிக் காட்டச் சொல்லி வாங்கலாம்.

பின்மூடியைக் கழற்றுவது கம்பசூத்திரம் இல்லை. பத்துப் பன்னிரண்டு ஸ்க்ரூ இருக்கும், ரப்பர் காலுக்கு அடியில் ஒன்றிரண்டு ஒளிந்திருக்கும், டிவிடி டிரைவ் உள்ள மாடலாக இருந்தால் அதை வெளியே இழுத்த பிறகு உள்ளே இன்னும் இரண்டு மூன்று குட்டி ஸ்க்ரூ. எல்லாம் ஒரே நீளம் இல்லை, அதனால் ஒரு பேப்பரில் லேப்டாப்பின் அடிப்பாகத்தை வரைந்து, எந்த ஸ்க்ரூ எங்கே இருந்ததோ அங்கேயே செலோடேப்பால் ஒட்டி வையுங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டை இடத்தில் முறுக்கினால் மேலே கீபோர்டு பக்கம் மொட்டு மாதிரி புடைத்துக்கொண்டு வரும். மூடி திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. அப்புறம் ஃபேன் பக்கம் பாருங்கள். காற்று வெளியேறும் அந்த செம்பு வரிகளின் மேல் எட்டு வருடத் தூசி கம்பளித் துண்டு மாதிரி படிந்திருக்கும், விரலால் உரித்தால் ஒரே பட்டையாகவே வந்துவிடும். அந்தப் பட்டையை எடுத்தாலே சூடு குறையும்.

இப்போது சிக்கலான விஷயத்துக்கு வருகிறேன். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஓடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் இன்டெலில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை சிப்பிலிருந்துதான் அனுமதி, உங்களுடையது ஆறு. குறுக்கு வழியில் போட்டுத் தருகிறேன் என்று கடைக்காரர் சொல்வார், போடவும் முடியும், ஆனால் அதற்கு அப்டேட் ஒழுங்காக வரும் என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால், பாதுகாப்பு அப்டேட்டை 2026 அக்டோபர் 13 வரை காசு இல்லாமல் நீட்டித்துக்கொள்ள ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகப் போட்டுக்கொள்ளும் லினக்ஸ் மின்ட். உங்கள் படிப்பில் வரும் பைத்தான், ஜாவா, சி, மைஎஸ்கியூஎல் எல்லாம் லினக்ஸில் ஜாம் ஜாம் என்று ஓடும், கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவனுக்கு லினக்ஸ் பழகுவதே ஒரு லாபம்.

அப்படியானால் எப்போதுதான் மாற்றுவது? நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு மாதம் எழுதி வையுங்கள், லேப்டாப்பால் எந்த வேலை நின்றது என்று. 'ஸ்லோவா இருக்கு' என்று எழுதக் கூடாது, அது கணக்கில் வராது. 'ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ (மொபைல் ஆப் செய்யும் சாஃப்ட்வேர்) திறக்கவே இல்லை, லேப் ரெக்கார்டு ஒரு நாள் தள்ளிப்போனது' என்று எழுத வேண்டும். எஸ்எஸ்டியும் ரேமும் போட்ட பிறகும் அந்தப் பக்கத்தில் நாலு வரி விழுந்தால், அப்போது அப்பாவிடம் அந்த நோட்டையே காட்டுங்கள். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவுக்குக் குறைந்தபட்சமே 8 ஜிபி ரேம் கேட்கிறார்கள், எமுலேட்டரையும் (திரைக்குள்ளேயே ஓடும் போலி போன்) ஓட்டினால் 16. இறுதியாண்டு ப்ராஜெக்ட் மொபைல் ஆப்தான் என்றால் எமுலேட்டரை விட்டுவிட்டு உங்கள் போனையே கேபிளில் மாட்டி ஓட்டிப் பாருங்கள், பாதிச் சுமை இறங்கும். ஒருவேளை மாற்றியே ஆக வேண்டுமென்றால் ஐந்தாவது செமஸ்டர் லீவில் மாற்றுங்கள். ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின வாரம் புது லேப்டாப் வாங்கி, எல்லாவற்றையும் மறுபடி இன்ஸ்டால் செய்து, ஏதோ ஒரு வெர்ஷன் ஒத்துப்போகாமல் விடிய விடிய உட்கார்ந்திருந்த பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மகளுக்கு பி.ஆர்க். கிடைத்திருக்கிறது. 2020ல் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய லேப்டாப் வீட்டில் உள்ளது: செலரான், 4 ஜிபி, 64 ஜிபி. இதில் ரேம் ஏற்றலாமா? இல்லை காலேஜ் சேரும் முன்பே புதுசு வாங்கிவிட வேண்டுமா?
— வாசகி, மதுரை

அம்மா, இதில் ஒன்றும் ஏற்ற முடியாது. இந்த ரகத்தில் ரேமும் ஸ்டோரேஜும் போர்டிலேயே பற்றவைத்து வருவதுதான் வழக்கம். கழற்றினால் மாற்றுவதற்கு இடமே இருக்காது. 64 ஜிபியில் விண்டோஸ் தன் வீட்டுச் சாமான்களைப் பரப்பிய பிறகு மிச்சம் இருப்பது திண்ணை மட்டும். அதைத் தம்பி தங்கைக்கோ உங்கள் யூடியூபுக்கோ விட்டுவிடுங்கள்.

ஆனால் புதுசை இன்றைக்கே வாங்காதீர்கள். பி.ஆர்க்.கில் முதல் செமஸ்டர் பெரும்பாலும் டிராயிங் போர்டு, டி ஸ்கொயர், பென்சில், கத்தி, அட்டை என்றுதான் போகும். அதற்கே ஒரு தொகை எடுத்து வைக்க வேண்டும். சேர்ந்த இரண்டு மாதத்தில் உங்கள் மகள் சீனியர் அக்காமார்களிடம் 'எந்த சாஃப்ட்வேர், எந்த வருஷத்துல, உங்க லேப்டாப்ல எங்க மாட்டுது' என்று மூன்றே கேள்வி கேட்டால் போதும், கடைக்காரரும் நானும் சேர்ந்து சொல்வதைவிட நல்ல பதில் வரும்.

வாங்கும்போது 16 ஜிபி ரேம், தனி கிராஃபிக்ஸ் கார்டு, 512 ஜிபி எஸ்எஸ்டி என்பதைக் கீழ்வரம்பாக வையுங்கள். 'ரேம் ஸ்லாட் காலியாக இருக்கிறதா, பிற்பாடு ஏற்றலாமா' என்று கேட்டு, பதிலை பில்லில் எழுதி வாங்கினாலும் தப்பில்லை. ஐந்து வருடப் படிப்பு, நாலாம் வருடம் ரெண்டரிங் போடும்போது அந்தக் காலி ஸ்லாட் சாமி மாதிரி. ஆப்பிள் பக்கம் மனசு போனால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: கட்டடம் வடிவமைக்கும் சாஃப்ட்வேரான ரெவிட்டுக்கு மேக் பதிப்பு கிடையாது. ஆட்டோகேட், ரெவிட் இரண்டையும் மாணவர்களுக்கு ஆட்டோடெஸ்க் இலவசமாகவே தருகிறது, வருடா வருடம் புதுப்பித்துக்கொள்ள வேண்டும், அதனால் யாரோ பென்டிரைவில் தரும் கிராக் பதிப்பு எதற்கு?

இன்னொன்று. கல்விக்கடன் எடுக்கிறீர்கள் என்றால் ஃபீஸோடு லேப்டாப்பையும் கேளுங்கள். படிப்பை முடிக்கத் தேவையென்றால் நியாயமான விலையில் கம்ப்யூட்டர் வாங்குவதையும் வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டம் செலவுக் கணக்கில் சேர்த்திருக்கிறது. பல பேர் இதைக் கேட்பதே இல்லை, கடன் வாங்கின பிறகு லேப்டாப்புக்குத் தனியாக வட்டிக்கு வாங்குகிறார்கள்.

என் லேப்டாப்பில் பேட்டரி அரை மணி நேரம்தான் நிற்கிறது. மற்றபடி நன்றாக ஓடுகிறது. மாற்றும் நேரம் வந்துவிட்டதா?
— வாசகர், தஞ்சாவூர்

பேட்டரியை மாற்றும் நேரம் வந்துவிட்டது, லேப்டாப்பை அல்ல. டயர் தேய்ந்தால் வண்டியையா விற்பீர்கள்? கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து பவர்சிஎஃப்ஜி என்று அடித்து, ஒரு இடைவெளி, ஒரு சாய்கோடு, அதை ஒட்டியே பேட்டரிரிப்போர்ட் என்று ஒரே சொல்லாகத் தட்டி என்டர் கொடுங்கள் (ஆங்கிலத்தில்தான், இதைத் தமிழில் எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது). ஒரு அறிக்கை ஃபைலாகச் சேமிக்கப்படும், அது இருக்கும் இடத்தைத் திரையே காட்டும். அதில் டிசைன் கெபாசிட்டி என்பது பிறந்தபோது இருந்த தெம்பு, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்பது இன்றைய தெம்பு. 41,000 என்று பிறந்தது 15,000 காட்டினால் அது ஓய்வு கேட்கிறது.

டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறதா, அல்லது மூடினால் நடுவில் இடைவெளி தெரிகிறதா? அப்படியானால் பேட்டரி உப்பியிருக்கிறது. அன்றைக்கே ஆஃப் செய்து கடையில் கொடுங்கள், அதைக் குத்துவதோ அழுத்துவதோ கூடாது.

விலை குறைவென்று பெயர் தெரியாத பேட்டரி வாங்காதீர்கள் என்று சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது. நானே ஒரு தடவை சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் பாதி விலைக்கு வாங்கினேன். ஆறே மாதத்தில் கீபோர்டு நடுவில் அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு வந்தது. வாரண்டி கேட்கப் போனால் அந்த இடத்தில் மொபைல் கவர் விற்றுக்கொண்டிருந்தார்கள். கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் உங்கள் மாடல் நம்பரைச் சொல்லிக் கேளுங்கள், இல்லை என்றால் மட்டும் வெளியே, அதுவும் பில்லோடு.

அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப் பரணில் கிடந்தது. 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஆன் ஆகிறது, ஆனால் எந்த வெப்சைட்டும் திறக்கவில்லை, 'பாதுகாப்பானது அல்ல' என்று வருகிறது. பி.ஏ. தமிழ் சேர்ந்திருக்கும் எனக்கு இது ஆகுமா?
— வாசகி, விழுப்புரம்

ஆகும்மா. முதலில் வலது கை ஓரத்தில் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போய் நிற்கும் என்று நினைக்கிறேன். மதர்போர்டில் வாட்ச் பேட்டரி மாதிரி வட்டமாக ஒன்று, பல லேப்டாப்களில் சிஆர்2032 என்ற ரகம், கடிகாரத்தை உயிரோடு வைத்திருப்பது அதுதான். பரணில் கிடந்ததில் அது செத்திருக்கும், தேதி பின்னால் போயிருக்கும், வெப்சைட்டின் பாதுகாப்புச் சான்றிதழ் 'நான் இன்னும் பிறக்கவே இல்லையே' என்று குழம்பி நிற்கிறது. தேதியைச் சரி செய்தாலே பக்கங்கள் திறக்கும், பேட்டரியை மாற்றினால் தினமும் சரி செய்ய வேண்டியதில்லை. அதற்கு ஐம்பது நூறு ரூபாய்க்கு மேல் ஆகாது.

2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தில் வந்த லேப்டாப்கள் எத்தனையோ வீடுகளில் இப்படிப் பட்டுத் துணியில் சுற்றி வைத்த மாதிரி தூங்குகின்றன. பலவற்றில் விண்டோஸோடு பாஸ் என்ற இன்னொரு லினக்ஸும் சேர்ந்தே வந்தது, அதைத் திறந்து பார்த்தவர்கள்தான் குறைவு. உங்களுக்கு வேண்டியது தமிழில் டைப் அடிக்க, பிடிஎஃப் படிக்க, இணையத்தில் தேட. அவ்வளவுதான். ஒரு எஸ்எஸ்டி போட்டு, லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான பதிப்பைப் போடச் சொல்லுங்கள். லிப்ரே ஆபீஸில் தமிழ் யூனிகோடு அருமையாக வரும். மூன்று வருடமும் இதிலேயே ஓட்டலாம், எம்.ஏ. போகும்போது யோசித்தால் போதும். பாமினி, வானவில் போன்ற யூனிகோடு அல்லாத பழைய ஃபான்டில்தான் அடித்துத் தர வேண்டும் என்று துறையில் யாராவது சொன்னால், அதற்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள், அந்தச் சண்டையை நாம் வேறொரு நாள் போடலாம்.

ஹாஸ்டலில் நண்பர்கள் செகண்ட் ஹேண்ட் ஆபீஸ் லேப்டாப் வாங்குகிறார்கள். நானும் வாங்கலாமா? எதைப் பார்க்க வேண்டும்?
— வாசகர், கோயம்புத்தூர்

தாராளமாக. ஐடி கம்பெனிகள் மூன்று நாலு வருடத்தில் கழித்துவிடும் திங்க்பேட், லேட்டிட்யூட், எலீட்புக் எல்லாம் உடம்பு கெட்டியானவை, கீல் லேசில் உடையாது, உதிரிபாகமும் கிடைக்கும். எட்டாம் தலைமுறைக்குக் கீழே எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். அது விண்டோஸ் 11 கதவுக்கு வெளியே நிற்கும் மிஷின், விலை குறைவதற்கே அதுதான் காரணம். பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் திறக்கும் அடிப்படை செட்டிங்ஸ்) உள்ளே போய்ப் பாருங்கள், பாஸ்வேர்டு கேட்டால் வாங்காமல் எழுந்து வந்துவிடுங்கள், 'அதை அப்புறம் எடுத்துத் தர்றேன்' என்பது நடக்காத கதை. அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து, ஒவ்வொரு கீயையும் அழுத்தி, கேமராவையும் எல்லா யுஎஸ்பி ஓட்டைகளையும் சோதித்து, மேலே சொன்ன பேட்டரி அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள். பில்லில் சீரியல் நம்பர் இருக்க வேண்டும். திருட்டு லேப்டாப்பை விற்பவன் அதை மட்டும் எழுத மாட்டான்.

மகன் பி.காம். முதலாம் ஆண்டு. என்னுடைய ஐ5 எட்டாம் தலைமுறை, 8 ஜிபி, எஸ்எஸ்டி லேப்டாப்பைத் தருகிறேன் என்றேன். 'படிப்புக்குப் போதாது' என்று ஒன்றேகால் லட்சத்துக்கு ஒரு கேமிங் லேப்டாப் கேட்கிறான். டாலி என்ற கணக்கு சாஃப்ட்வேருக்கு அது தேவையா?
— வாசகர், ஈரோடு

ஐயா, டாலியும் எக்ஸெலும் உங்கள் லேப்டாப்பில் கண்ணை மூடிக்கொண்டு ஓடும், விண்டோஸ் 11ம் ஏறும். கேமிங் லேப்டாப் இரண்டேகால், இரண்டரை கிலோ, சார்ஜர் செங்கல் மாதிரி தனி. தினமும் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போவானா என்று மட்டும் கேளுங்கள். விளையாட ஆசை என்றால் அதில் தப்பே இல்லை, அதை அப்படியே சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள். ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுவதற்கு ஆர்டிஎக்ஸ் கேமிங் கிராஃபிக்ஸ் கார்டு கேட்ட ஆடிட்டரை நான் இதுவரை பார்த்ததில்லை.